பின்கட்டில் விளக்கு எரிந்தது

2022 ஆவணியில் ஒரு விடிகாலை, வில்லிவாக்கத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனோம். மாமியார் கையில் பித்தளைச் சொம்பு. என் கையில் பால் பாக்கெட்டும் மஞ்சள் குங்குமமும். வீட்டுக்காரர் புது அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கதவைத் திறந்து நாங்கள் லைட்டைப் போடுவதற்கு முன்பே கொல்லைப்பக்க ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. பின்கட்டு அறையில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

அந்த அறையை நாங்கள் மூன்று முறை பார்த்திருக்கிறோம். மூன்று முறையும் பூட்டியிருந்தது. "பழைய சாமான் போட்டு வெச்சிருக்காங்க, ரிஜிஸ்டர் முடிஞ்சதும் எடுத்துடுவாங்க" என்று புரோக்கர் சொன்னார், நம்பினோம்.

கதவைத் தட்டினதும் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றார். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் அவர்தான் என்று அப்புறம் தெரிந்தது. "யாரும்மா நீங்க?" என்று அவர் என்னைக் கேட்டார். என் வீட்டில் நின்றுகொண்டு என்னை யார் என்று கேட்கிறாரே என்று ஆத்திரம் பொங்கியது. "பாட்டி இருந்தப்போ குடுத்த எடம்மா இது. இருபத்தோரு வருஷமா இங்கதான் இருக்கோம்" என்றார். பேச்சோடு பேச்சாக ரேஷன் கார்டை எடுத்து வந்து காட்டினார். அதில் எங்கள் கதவு எண் இருந்தது.

அன்றைக்குப் பால் பொங்கியது. யாரும் வாய் திறக்கவில்லை.

அது அரை கிரவுண்ட், அதாவது 1200 சதுர அடி மனை. முன்னால் மெட்ராஸ் டெரஸ் வீடு, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அந்த ஓர் அறை. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் கட்டியது. அவரும் அவர் மனைவியும் காலமான பிறகு, பெங்களூரில் ஒருவரும் வெளிநாட்டில் ஒருவருமாக இருந்த மகன்கள் விற்றார்கள். 88 லட்சம். அப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 ஆகக் குறைந்தது 2023 ஏப்ரலில்தான். 60 லட்சம் வீட்டுக்கடன். கொளத்தூரில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வாடகை 16 ஆயிரம். இரண்டு மாதத்தில் குடி போய்விடுவோம், அப்புறம் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

பார்க்க வேண்டிய காகிதம் எல்லாவற்றையும் பார்த்தோம். தாய்ப் பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று. வங்கியின் வக்கீல் ஒருமுறை அலசினார், நாங்களே ஒரு வக்கீலை வைத்து இன்னொரு முறை அலசினோம். மதிப்பீட்டாளர் வந்து முன்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனார். அத்தனையும் சுத்தம். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். வாய்மொழியாக உள்ளே விட்ட ஆள் அதில் வரமாட்டார், பதிவு செய்யாத லீசு வராது. சொத்து யார் பேரில் இருக்கிறது என்று பட்டா சொல்லும், இன்று ராத்திரி அங்கே படுத்துத் தூங்குவது யார் என்று சொல்லாது. எங்கள் கிரயப் பத்திரத்தில் "சொத்தைக் காலியாக இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டோம்" என்று ஒரு வரி இருந்தது. பத்திரம் எழுதுபவர்கள் வழக்கமாகப் போடும் வரி. அது பொய் என்று தெரிந்துகொண்டேதான் விற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாவது முறை வீடு பார்க்கப் போனபோது கொல்லையில் ஒரு துளசிச் செடி இருந்தது. மண் ஈரமாக இருந்தது. தரையில் சருகு இல்லை, பெருக்கியிருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு வயர் பின்கட்டுக்குப் போயிற்று. எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டில் துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வீடு பிடித்துவிட்டது, வேறொன்றும் கண்ணில் படவில்லை.

மறுநாளே என் தம்பி வந்துவிட்டான். "அக்கா, நீ உம்னு ஒரு வார்த்தை சொல்லு. நாலு பசங்களோட வந்து சாமானைத் தெருவுல வெச்சுட்டு ஷீட்டைப் பிரிச்சுடறேன். அப்புறம் யாரு என்ன பண்ணுவா?" புரோக்கரும் அதையே வேறு மாதிரி சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களாம், ஒன்றரை லட்சம் கொடுத்தால் இரண்டே நாளில் காலியாம். என் வீட்டுக்காரர் பாதி மனசாக இருந்தார். பொய் சொல்வானேன், முதல் இரண்டு நாள் நானும் அப்படித்தான் இருந்தேன். மாதா மாதம் தவணையும் வாடகையுமாகக் கட்டுகிறவளுக்கு அந்த வார்த்தை இனிப்பாகத்தான் கேட்கும்.

காவல் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "நேத்து ராத்திரி பூட்டை உடைச்சு உள்ள பூந்திருந்தா அத்துமீறல்னு உடனே கேஸ் போடலாம். போலிப் பத்திரம் பண்ணி நிலத்தைப் பிடிச்சிருந்தா நில அபகரிப்புப் பிரிவு இருக்கு. இவரு இருபது வருஷமா இருக்காருன்னு நீங்களே சொல்றீங்களே அம்மா. இது சிவில்." மனுவை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்கிற ரசீது கொடுத்தார். கிளம்பும்போது, "ஆள் வெச்சு எதுவும் பண்ணிடாதீங்க, அப்புறம் உங்க மேல கேஸ் போட வேண்டியிருக்கும்" என்றும் சொன்னார். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அவரை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

வக்கீல் மேடம் பத்திரத்தைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது, "அவரை உள்ள வெச்சது யாரு? என்ன சொல்லி வெச்சாங்க?" முழு வழக்கும் அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

அவர் வாடகை கொடுத்து இருந்தவர் என்றால் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு நாங்கள் வந்துவிடுகிறோம், அவர் எங்களுக்கு வாடகைதாரர் ஆகிவிடுவார். அப்போது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி வாடகை நீதிமன்றம் போக வேண்டும். நம் ஊர் லீசுக்காரர் என்றால் அதைவிடச் சிக்கல். மொத்தமாக நாலு லட்சம், ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பவர் அந்தப் பணம் கைக்கு வராமல் நகரமாட்டார், அவர் பக்கம் நியாயமும் உண்டு. சொந்தக்காரர் இரக்கப்பட்டோ, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியோ உள்ளே விட்டவர் என்றால் அது அனுமதி. கொடுத்தவர் திரும்பக் கேட்டதும் அது தீர்ந்துபோகும். யாரையும் கேட்காமல் நுழைந்து, இது என்னுடையது என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு இருப்பவர் என்றால் 12 வருஷக் கணக்கு வருகிறது.

அந்த 12 வருஷம்தான் எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. பன்னிரண்டு வருஷம் குடியிருந்துவிட்டால் வீடு அவருக்கே சொந்தம் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். எதிரிடை அனுபவம் என்று சட்டத்தில் அதற்குப் பெயர், அது அப்படிச் சும்மா வந்துவிடாது. உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, விடாமல் அனுபவித்திருக்க வேண்டும். 'பாட்டி கொடுத்தாங்க' என்று சொல்கிற நிமிஷமே பாட்டிதான் சொந்தக்காரர் என்று அவர் ஒத்துக்கொள்கிறார். அனுமதியில் கழிந்த வருஷங்கள் எத்தனை இருந்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது. கோவாவிலிருந்து போன மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. காவலாளியோ, வேலைக்காரரோ, பார்த்துக்கொள்ள விட்டவரோ எவ்வளவு காலம் இருந்தாலும் சொத்தில் உரிமை வராது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்போ உடனே காலி பண்ணச் சொல்லலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"சொல்லலாம். போகலைன்னா கோர்ட்டுதான். நீங்களா கையை வைக்கக் கூடாது." ராமே கவுடா வழக்கில் 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம், நிலைத்த அனுபவத்தில் இருப்பவரை உண்மையான சொந்தக்காரரே ஆனாலும் பலத்தால் வெளியேற்றக் கூடாது என்று. தனிப்பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காமலே அவரைத் திரும்ப உள்ளே வைக்க முடியும். தம்பியின் யோசனையைக் கேட்டிருந்தால் ஒன்றரை லட்சம் செலவு செய்து, போலீஸ் கேஸ் வாங்கிக்கொண்டு, அவரைத் திரும்பவும் கோர்ட் உத்தரவோடு பின்கட்டில் குடி வைத்திருப்போம். சட்டம் போகட்டும். அன்று விடிகாலை முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்ற அந்தம்மாவின் பாத்திரங்களைத் தெருவில் கொட்டிவிட்டு அந்த வீட்டில் நான் என்ன கோலம் போட்டிருப்பேன்?

இன்னொன்றும் அன்று தெரிந்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு சொத்தில் நேரடியாக யார் குடியிருக்கிறார்களோ, அவருக்கு ஏதாவது உரிமை இருந்தால் அது வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது, புரோக்கர் சொல்லவில்லை என்பதெல்லாம் எடுபடாது. போய்ப் பார்த்திருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும். ஈரமாக இருந்த அந்தத் துளசி மண் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

விற்றவர்களுக்கு நோட்டீஸ் போனது. சுவாதீனத்தை ஒப்படைப்பது அதே சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி விற்றவரின் கடமை. பெரியவர் பதிலே போடவில்லை. சின்னவர் பெங்களூரிலிருந்து போனில் பேசினார். "அப்பா போனப்புறம் 2001ல அம்மா தனியா இருக்காங்கன்னு, துணைக்கு அவங்களை வெச்சோம். வாடகை எல்லாம் வாங்கினதில்ல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்களை மட்டுமா ஏமாற்றினார்கள்? அவர்கள் அம்மாவுக்கு இருபது வருஷம் கஞ்சி வைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போன மனுஷரிடமும் வீட்டை விற்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு பார்க்க நாங்கள் வரும் நாட்களில் 'ஆபீசர் வர்றாங்க, பூட்டிட்டு வெளிய போயிடு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

அனுமதியின் பேரில்தான் அவர் இருந்தார் என்று சின்னவர் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். எங்கள் வழக்குக்கு முதுகெலும்பு அந்த இரண்டு பக்கம்தான்.

2023 தொடக்கத்தில் சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். பின்கட்டும் வழியும் சேர்த்து 260 சதுர அடி, மதிப்பு 18 லட்சம் என்று வைத்து 3 சதவீதம் கோர்ட் கட்டணம், 54 ஆயிரம். 2017க்கு முன்னால் இது 7.5 சதவீதமாக இருந்தது.

அந்தக் கோடையில் இன்னொரு ஆசை வந்தது. பின்கட்டுக்குப் போகிற கரண்ட் எங்கள் மீட்டரிலிருந்துதான் போயிற்று. கட்டணம் நாங்கள் கட்டினோம். ஜன்னலில் அந்த வயரைப் பிடுங்கினால் போதும், அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே யாரும் மின்விசிறி இல்லாமல் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள். வயரின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றிருக்கிறேன். வாடகைதாரராக இருந்தால் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்துவதை வாடகைச் சட்டமே தடுக்கிறது. இவர் வாடகைதாரர் இல்லைதான். ஆனாலும் நீதிபதி முன்னால் நாளைக்கு நிற்கப் போவது நான்தான் என்று வக்கீல் மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் அவரை நிஜமாகப் பார்த்தேன். பித்தளை இஸ்திரிப் பெட்டி, ஏழு கிலோ இருக்கும். மூடியின் தாழில் ஒரு சேவல் தலை. காலையில் கொட்டாங்கச்சியைப் பற்றவைத்து, கரி சிவந்ததும் விசிறியால் சாம்பலை ஊதி, பெட்டிக்குள் போட்டு மூடுவார். முதல் இழுப்பை ஒரு பழைய வாழை இலைத் துண்டின் மேல் இழுப்பார், அடிப்பாகம் வழுக்க வேண்டுமே அதற்காக. நாலு தெரு வாடிக்கை. எந்தப் புடவை எந்த வீடு என்று சீட்டு எழுதாமலே தெரியும். கோர்ட்டில் எங்களுக்கு எதிர்வாதி. தெருவில் பார்த்தால், "வெயில்ல வராதம்மா" என்பார்.

வாய்தா ஆறு ஏழு தாண்டியது. பிறகு நீதிபதி சமரசத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இலிருந்து சமரச மையம் நடக்கிறது. ஒரு மேசை, ஏழெட்டு நாற்காலி, சமரசர் ஒருவர். முதல் நாள் இஸ்திரிக்காரர் 'பத்து லட்சம் குடுத்தா போறேன்' என்றார், யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் எழுந்துவிட்டோம். இரண்டாவது அமர்வில் சமரசர் அவரிடம், "ஐயா, பணத்தை விடுங்க. போகாம இருக்கறதுக்கு என்ன காரணம்?" என்று கேட்டார். அவர் பேசவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "வேற ஏரியாவுக்குப் போனா இவருக்குத் துணி வராது சார். இங்கயே பாத்தா எட்டாயிரம் வாடகை, எண்பதாயிரம் அட்வான்ஸ் கேக்கறாங்க. நாங்க எங்க போவோம்?"

அட்வான்ஸுக்குப் பொதுவான அளவு மூன்று மாத வாடகை என்று வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்பது இன்னும் நிற்கவில்லை. ஒன்றேகால் வருஷமாக எங்களைக் கட்டிப்போட்டிருந்தது அந்த எண்பதாயிரம் ரூபாய்.

அதற்குப் பிறகு பேச்சு வேகமாக முடிந்தது. விற்றவர்கள் இரண்டு லட்சம் தர வேண்டும். தராவிட்டால் அவர்கள் மேல் நஷ்டஈட்டு வழக்கு. சின்னவர் ஒத்துக்கொண்டார். நாங்கள் ஐம்பதாயிரம் போட்டோம். கொடுக்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை, மனசாரக் கொடுத்தோம். நாலு மாத அவகாசம். அதற்குள் காலி செய்யாவிட்டால் புது வழக்கு வேண்டாம், நேரே நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனாவோடு வரலாம். எல்லாவற்றையும் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அதன்படியே தீர்ப்பாணை வாங்கினோம். சமரசத்தில் முடிந்ததால் கட்டின 54 ஆயிரமும் திரும்ப வந்தது. கோர்ட்டுக்கு வெளியே தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றிலேயே 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியவில்லை.

என் தோழி ஒருத்தி இப்போது பெரம்பூரில் வீடு பார்க்கிறாள். அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். புரோக்கர் கூப்பிடுகிற நேரத்துக்குப் போகாதே, ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை, விடிகாலை ஒருமுறை சொல்லாமல் போ. பூட்டிய அறை எதுவானாலும் திறக்கச் சொல், சாவி இல்லை என்றால் பத்திரமும் இல்லை என்று சொல்லிவிடு. எதிர்வீட்டில் கேள், பால்காரரிடம் கேள், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேள். பதிவு நாளன்று காலையில் வீடு காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம் போ. கடைசித் தொகையில் ஒரு பங்கை சாவி கைக்கு வந்த பிறகு தருவதாக உடன்படிக்கையிலேயே எழுது. யாராவது இருந்தால், அவர்களை வெளியேற்றித் தரும் வேலை விற்கிறவருடையது. அது முடியும்வரை ஒரு ரூபாய் கொடுக்காதே.

2024 மார்ச்சில் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அவர்கள் காலி செய்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு போர்ஷன் கிடைத்திருந்தது. வக்கீல் மேடம் எதிரில் சாவியைக் கொடுத்தார், ரசீதில் கையெழுத்து வாங்கினோம். அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரி மூட்டை சாய்ந்திருந்த சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பு. அந்த வயரைச் சுற்றிக் கட்டி ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார்கள். துளசி அங்கேயே இருந்தது. அன்றே பூட்டை மாற்றினோம், தேதியோடு போட்டோ எடுத்தோம்.

அதற்குப் பிறகும் அவர் பேருக்குத் தபால் வந்துகொண்டிருந்தது. வங்கிக் கடிதம், பேத்தியின் பள்ளிக்கூடக் கடிதம். ஜன்னல் கட்டையில் வைத்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவார். ரேஷன் கார்டில் முகவரி மாற்றச் சொல்லி ஒவ்வொரு முறையும் நச்சரித்தேன். இ-சேவை மையத்துக்கு அவர் பேத்தியோடு நானே ஒருநாள் போனேன். ஆகஸ்டில் மாறியது. புது கார்டை எடுத்து வந்து காட்டினார். காபி கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே கார்டைப் போட்டோ எடுத்து, ஒரு பிரதி போட்டு, எங்கள் பத்திரக் கோப்பில் தீர்ப்பாணைக்குப் பின்னால் வைத்தேன்.